அலுமினியச் சட்டியும் அம்மாவின் மறதியும்

மறதி நோய் பற்றி வந்த வாசகர் கடிதங்களைப் பிரித்தால் திரும்பத் திரும்ப ஒரே பயம்தான்: உலோகம். சட்டியில் உலோகம், தண்ணீரில் உலோகம், மீனில் உலோகம், எல்லாம் மூளைக்குப் போய்விடுகிறதாமே என்று. இந்த முறை ராமநாதபுரம் கரையோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். வீட்டு விஷயம் என்பதால் யார் பெயரும் போடவில்லை, ஊர் மட்டும் இருக்கிறது.

அம்மாவுக்கு 68 வயது. அடுப்பில் வைத்ததை மறப்பதில் ஆரம்பித்து இப்போது என் பெயரே சில நேரம் வருவதில்லை. அல்சைமர் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "காலமெல்லாம் அலுமினியச் சட்டியில் ஆக்கிப் போட்டீங்க, அதான்" என்று நாத்தனார் சொன்னதும் இருந்த பாத்திரத்தையெல்லாம் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டோம். ஆனாலும் மனசு ஆறவில்லை. நாங்களேதான் அம்மாவுக்கு இதைக் கொண்டுவந்தோமா?
*(தங்கச்சிமடம்)*

இல்லை தங்கச்சி. நீங்கள் யாரும் கொண்டுவரவில்லை. அதை முதலில் மனசில் வாங்கிக்கொள்ளுங்கள், மற்றதை அப்புறம் படிக்கலாம்.

இந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்றால் 1965-ல் முயல்களிடமிருந்து. இகோர் கிளாட்ஸோ என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் அலுமினிய உப்பு கலந்த மருந்தை முயல்களின் மூளையில் செலுத்தினார்கள். நரம்பணுக்களுக்குள் நார்ச் சிக்கல்கள் உண்டாயின. அல்சைமர் நோயாளிகளின் மூளையிலும் நார்ச் சிக்கல் உண்டு என்பது தெரிந்த விஷயம், ஆகவே இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். பிறகு 1973-ல் கனடாவில் டொனால்ட் கிராப்பர் குழு, இறந்த அல்சைமர் நோயாளிகளின் மூளையில் சில இடங்களில் அலுமினியம் கூடுதலாக இருப்பதாக அளந்து சொன்னது. அதே எழுபதுகளில், சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொண்டவர்களில் சிலருக்குப் பேச்சுக் குழறி, புத்தி தடுமாறி, உயிரே போனது. டயாலிசிஸ் தண்ணீரில் இருந்த அலுமினியம்தான் காரணம் என்று தெரிந்தது. இப்படி மூன்று செய்தி அடுத்தடுத்து வந்தால் யாருக்குத்தான் பயம் வராது? பத்திரிகைகள் சட்டியைக் குற்றவாளி ஆக்கிவிட்டன, அந்தப் பேச்சு ஐம்பது வருஷமாக ஓயவில்லை.

ஆனால் ஒவ்வொன்றாகப் பார்த்தபோது பிடி தளர்ந்தது. முயலின் நார்ச் சிக்கலும் மனிதனின் சிக்கலும் ஒன்றே இல்லை. மனிதனில் இருப்பது டாவ் என்ற புரதம் இரண்டிரண்டு இழையாக முறுக்கிக்கொண்டது. முயலில் இருந்தது வேறு புரதத்தின் நேரான இழை. டயாலிசிஸ் நோயாளிகளின் மூளைக் கோளாறும் அல்சைமர் இல்லை, அது தனி நோய், தண்ணீரைச் சுத்தப்படுத்தியதும் அந்த நோய் அநேகமாக மறைந்தே போனது. மூளையில் அலுமினியத்தை அளந்த மற்ற குழுக்களுக்கு ஒரே பதில் கிடைக்கவில்லை: சிலருக்குக் கூடுதலாக வந்தது, சிலருக்கு வித்தியாசமே தெரியவில்லை. பூமியின் மேலோட்டில் மிக அதிகமாக உள்ள உலோகமே அலுமினியம்தான். தூசியில் இருக்கும், சாயத்தில் இருக்கும், கண்ணாடித் தகட்டில் இருக்கும். கொஞ்சம் அசந்தால் ஆய்வுக்கூடத்திலேயே ஒட்டிக்கொள்ளும்.

உங்கள் சமையலறைக்கு வருவோம். நாம் சாப்பாட்டோடு விழுங்கும் அலுமினியத்தில் 100-ல் ஒரு பங்குகூட ரத்தத்தில் சேர்வதில்லை, சேர்வதையும் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 2011-ல் வைத்த வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 2 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 120 மில்லிகிராம். சட்டியிலிருந்து கரைகிறதா என்றால், கரைகிறது. கறுத்துப்போன அலுமினியச் சட்டியில் புளி கரைத்து மீன் குழம்பு வைத்து, ராத்திரி முழுக்க அதிலேயே விட்டு, காலையில் கழுவிப் பாருங்கள்: குழம்பு நின்ற மட்டம் வரைக்கும் உள்பக்கம் வெளுத்திருக்கும், அதற்கு மேலே பழைய கறுப்பு அப்படியே இருக்கும். வெளுத்த இடத்தில் இருந்தது குழம்புக்குள் போய்விட்டது. உப்புக் கலந்த போர் தண்ணீர் வேறு நம் ஊர்ப் பாத்திரத்தைக் குழி குழியாக அரித்துவிடும். அதனால் புளிப்பும் உப்பும் உள்ள குழம்பை மண்சட்டியிலோ எவர்சில்வரிலோ வையுங்கள் என்றுதான் நானும் சொல்வேன், சோறு வடிக்கிற பானையைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர் வீட்டில் இருந்தால் மட்டும் அலுமினியத்தில் கூடுதல் கவனம் வேண்டும். மற்றபடி உங்கள் அம்மாவின் நோய்க்கும் அந்தச் சட்டிக்கும் தொடர்பு சொல்ல ஆதாரம் இல்லை. நாத்தனாரிடமும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

எங்கள் ஊருணித் தண்ணீரைப் படிகாரம் போட்டுத் தெளியவைத்துக் குடித்தே வளர்ந்தோம். படிகாரமும் அலுமினியம்தானாமே?
*(தேவிபட்டினம்)*

ஆமாம், படிகாரம் அலுமினிய உப்புதான். ஆனால் தண்ணீரில் போட்டதும் அது சேற்றுத் துகளைப் பிடித்துக்கொண்டு அடியில் படிகிறது, அலுமினியத்தில் பெரும்பகுதி அந்த வண்டலோடு போய்விடும். கை நிறைய அள்ளிப் போட்டாலும், கலங்கும்படி மொண்டாலும்தான் தண்ணீரில் அதிகம் தங்கும். இந்தியத் தர நிர்ணயம் குடிநீரில் லிட்டருக்கு 0.03 மில்லிகிராம் அலுமினியம் போதும் என்கிறது, வேறு வழியே இல்லாத இடத்தில் 0.2 வரை விடலாம் என்கிறது. பிரான்சில் போர்டோ பக்கம் 65 வயது தாண்டிய 3,777 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில் அலுமினியம் அதிகமுள்ள குடிநீருக்கும் மறதிக்கும் தொடர்பு தெரிந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். வேறு சில ஆய்வுகளில் அது தெரியவில்லை. அதனால் அளவாகப் போடுங்கள், தெளிந்ததை மேலாக மொள்ளுங்கள். தேற்றாங்கொட்டை கிடைத்தால் அதைக் குடத்தின் உள்பக்கம் உரைத்துத் தெளியவைப்பது நல்ல பழக்கம்.

கல்லூரியில் உயிர்வேதியியல் படிக்கிறேன். அலுமினியம் இல்லை என்றால் பிறகு ஏன் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் "அல்சைமரும் உலோகங்களும்" என்று பக்கம் பக்கமாக வருகிறது?
*(தொண்டி)*

தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அந்தக் கட்டுரைகள் பேசுவது செம்பு, துத்தநாகம், இரும்பு மூன்றையும். இவை வெளியிலிருந்து வந்த நஞ்சு இல்லை, மூளைக்கு அன்றாடம் தேவைப்படுகிற சொந்தச் சரக்கு. இவை இருக்க வேண்டிய இடத்தை விட்டு நகர்ந்துவிடுவதுதான் பிரச்சினை என்பது என் புரிதல், இந்தப் பக்கத்தில் மற்ற எல்லாருக்கும் நான் சொல்லும் பதிலும் இதில்தான் நிற்கிறது.

முதலில் புரதம். 1906-ல் ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் ஒரு பெண் நோயாளியின் மூளையை ஆராய்ந்து, அணுக்களுக்கு வெளியே திட்டுகளும் உள்ளே நார்ச் சிக்கல்களும் இருப்பதாக அறிவித்தார். அந்தத் திட்டில் இருப்பது என்ன என்று தெரியவே 1984 ஆகிவிட்டது. ஜார்ஜ் கிளென்னரும் கெய்ன் வாங்கும் பிரித்தெடுத்த அந்தச் சின்னப் புரதத்தின் பெயர் அமிலாய்டு பீட்டா. நரம்பணுவின் சவ்வில் செருகி நிற்கும் ஒரு பெரிய புரதத்தை இரண்டு நொதிகள் இரண்டு இடத்தில் வெட்ட, நடுவே விழுகிற துண்டு அது. 40 அல்லது 42 அமினோ அமிலம் நீளம், 42 உள்ளதுதான் ஒட்டும் குணம் அதிகம் உள்ளது. உங்கள் மூளையிலும் என் மூளையிலும் இந்தத் துண்டு தினமும் உண்டாகி தினமும் அகற்றப்படுகிறது. தாய்ப் புரதத்தின் மரபணு 21-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு அந்தக் குரோமோசோம் மூன்று இருப்பதால் நாற்பது வயதிலேயே மூளையில் திட்டு நிறைந்துவிடுகிறது.

கரைந்து ஓட வேண்டிய துண்டு ஏன் திரள்கிறது? வாலிநோக்கம் உப்பளத்தில் பாத்தியைப் பார்த்திருப்பீர்கள். நாள் கணக்கில் வெறும் தண்ணீர் மாதிரியே கிடக்கும், ஒரு கட்டத்தில் உப்புப் பூக்கத் தொடங்கியதும் அதன்மேல் அடுத்தது அதன்மேல் அடுத்தது என்று மளமளவென்று வளர்ந்துவிடும். அமிலாய்டும் அப்படித்தான், முதல் கரு உண்டாகத்தான் நேரம் பிடிக்கும். அந்தக் கருவைச் சீக்கிரம் உண்டாக்குவது எது என்று தேடியபோதுதான் உலோகம் உள்ளே வந்தது. 1994-ல் ஆஷ்லி புஷ், ருடால்ஃப் டான்ஸி குழு சோதனைக் குழாயில் அமிலாய்டு பீட்டாவோடு துத்தநாகம் சேர்த்தது. நிமிஷக் கணக்கில் திரண்டுவிட்டது. 1998-ல் நோயாளிகளின் மூளைத் திட்டுகளை நுண்ணிய கதிரால் அளந்தபோது செம்பு, துத்தநாகம், இரும்பு மூன்றுமே சுற்றுப்புறத்தைவிட அங்கே குவிந்து கிடந்தன.

நீங்கள் உயிர்வேதியியல் படிப்பதால் இதையும் சொல்கிறேன். அந்தத் துண்டில் 6, 13, 14 ஆகிய இடங்களில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது, செம்பையும் துத்தநாகத்தையும் பிடிப்பது பெரும்பாலும் அவைதான். எலியின் அமிலாய்டு பீட்டா நம்முடையதிலிருந்து மூன்றே இடத்தில் மாறுகிறது, அதில் ஒன்று 13-ஆவது இடம், ஹிஸ்டிடினுக்குப் பதில் ஆர்ஜினின். எலிக்கு எவ்வளவு வயதானாலும் தானாக இந்தத் திட்டு வருவதில்லை! ஆய்வுக்கு வேண்டுமென்றால் மனித மரபணுவை எலிக்குள் புகுத்தித்தான் வரவழைக்கிறார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த ஒரு ஹிஸ்டிடின் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது என்றாலும் சும்மா தள்ளிவிடக்கூடிய செய்தி இல்லை அது.

செம்புக்கு இன்னொரு சேட்டை உண்டு. அமிலாய்டோடு ஒட்டிக்கொண்டு எலக்ட்ரானை வாங்கிக் கொடுத்துக்கொண்டே ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது, அது பக்கத்து அணுக்களின் சவ்வை அரிக்கிறது. இரும்பும் இதே வகைச் சேதத்தைச் செய்யவல்லது.

சரி, அப்போது இந்த உலோகங்களை எடுத்துவிட்டால் போதுமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசும் இடைவெளியில் துத்தநாகம் குறிப்பாகவே வெளியிடப்படுகிறது. அதை நரம்பணுவின் நுண்பைகளில் ஏற்றும் புரதத்தை எலியில் நீக்கிப் பார்த்தார்கள், அமிலாய்டுத் திட்டு குறைந்தது. சந்தோஷப்பட முடியவில்லை, ஏனென்றால் அதே புரதம் இல்லாத எலிகளுக்கு வயதானபோது ஞாபகசக்தியும் குறைந்தது. செம்பும் அப்படியே: திட்டுக்குள் குவிந்திருக்கிறது, ஆனால் பாதித்த மூளைப் பகுதியை மொத்தமாக எடுத்து அளந்தால் செம்பு குறைவாகத்தான் இருக்கிறது. திட்டுக்குள் சிறைப்பட்டது போக, வேலைக்கு வேண்டிய இடத்தில் பற்றாக்குறை. இந்த இடமாற்றம் நோயை உண்டாக்கும் காரணமா, நோயின் விளைவா என்ற வாதம் இன்னும் முடியவில்லை. நீங்கள் மேலே படிக்கப் போகிறீர்கள் என்றால் இந்தத் துறையில் செய்வதற்கு வேலை நிறையக் கிடக்கிறது.

வாப்பாவுக்கு 74 வயது, மூணு வருஷமாக அல்சைமர். வெளியூரில் ஒரு இடத்தில் முடியை எடுத்துச் சோதித்து "உடம்பில் உலோகம் ஏறியிருக்கு, டிரிப் போட்டு இறக்கிடலாம்" என்கிறார்கள். ஒரு தடவைக்கே பெரிய தொகை, இருபது தடவை போட வேண்டுமாம். காக்கா (அண்ணன்) சவூதியிலிருந்து பணம் அனுப்பத் தயாராக இருக்கிறார். போடலாமா?
*(கீழக்கரை)*

போடாதீர்கள். காக்காவின் வியர்வைப் பணம், வாப்பாவின் உடம்பு, இரண்டையும் வைத்துச் சூதாட வேண்டாம்.

உலோகத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்துகள் உண்மையிலேயே உண்டு. ஈய நஞ்சுக்கும், ரத்தம் ஏற்றி ஏற்றி இரும்பு சேர்ந்துபோன தலசீமியா குழந்தைகளுக்கும், செம்பு தேங்குகிற வில்சன் நோய்க்கும் அவை உயிர் காக்கின்றன. அல்சைமருக்கும் முயன்று பார்த்துவிட்டார்கள், பெரிய ஆட்களே. முன்பு வயிற்றுப்போக்குக்குக் கொடுத்த கிளியோகுயினால் என்ற மாத்திரை செம்பையும் துத்தநாகத்தையும் பிடிக்கும் என்பதால் 2003-ல் 36 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு வெளியானது, கொஞ்சம் நம்பிக்கை தெரிந்தது. அந்த மாத்திரைக்குப் பழைய கெட்ட பெயர் உண்டு, ஜப்பானில் ஆயிரக்கணக்கானவர்களின் பார்வையையும் காலையும் பாதித்ததால் 1970-ல் அங்கே விற்பனையே நிறுத்தப்பட்டது. ஆகவே அதன் தம்பியாக பிபிடி2 என்று ஒன்றைச் செய்தார்கள். 2008-ல் நன்றாகத் தெரிந்தது, 2014-ல் வந்த அடுத்த சோதனையில் திட்டைக் குறைக்கிறது என்று நிரூபிக்க முடியவில்லை.

இப்போது சொல்லப்போவதை அந்த டிரிப் போடும் ஆளிடம் கேளுங்கள். இரும்பை இறக்கும் டெஃபெரிப்ரோன் என்ற மருந்தை ஆஸ்திரேலியாவில் ஆரம்பநிலை அல்சைமர் உள்ளவர்களுக்கு 12 மாதம் கொடுத்தார்கள், சோதனையில் மொத்தம் 81 பேர், முடிவு 2024-ல் வெளியானது. மருந்து தன் வேலையைச் சரியாகவே செய்தது. ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியில் இரும்பு குறைந்ததை ஸ்கேனில் பார்த்தார்கள். ஆனால் மருந்து சாப்பிட்டவர்களுக்கு, மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட, புத்தித் தடுமாற்றம் வேகமாகக் கூடியது. ஒழுங்காகத் திட்டமிட்டு, வாராவாரம் கண்காணிப்பது போன்ற கவனத்தோடு செய்த சோதனையிலேயே இந்த நிலைமை.

டிரிப்பில் போடுவது அநேகமாக ஈடிடிஏ என்ற மருந்தாக இருக்கும். அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் சரியாக நுழைவதே இல்லை. அதில் ஒரு வகை ரத்தத்துக் கால்சியத்தைச் சட்டென்று இறக்கிவிடும், 2003 முதல் 2005 வரை அமெரிக்காவில் குழந்தைகள் உட்பட 3 பேர் அப்படி இறந்தது அரசாங்கப் பதிவிலேயே இருக்கிறது. முடிச் சோதனையும் நம்பும்படியானது இல்லை. இன்னும் சிலர் உலோகம் பிடிக்கும் மருந்தை முதலில் கொடுத்துவிட்டு அப்புறம் சிறுநீரைச் சோதித்து "பாருங்க, எவ்வளவு வெளியே வருது" என்று காட்டுவார்கள், அந்த மருந்தைக் கொடுத்தால் யாருக்கும் வரத்தான் செய்யும். அந்தப் பணத்தில் வாப்பாவைப் பகலில் கூட இருந்து பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வைத்தால் உம்மாவுக்கு ராத்திரியாவது தூக்கம் கிடைக்கும்.

மீனில் பாதரசம் இருக்கிறது, அதைத் தின்றால் மூளை கெடும் என்று பேரன் போனில் காட்டுகிறான். மூணு வேளையும் மீன் தின்கிற நாங்கள் என்ன செய்ய?
*(மூக்கையூர்)*

ஐயா, தாராளமாகச் சாப்பிடுங்கள். மீனில் பாதரசம் உண்டுதான், சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன மேலே போகப் போகக் கூடும். சிகாகோவில் இறந்தபின் மூளையைத் தானம் செய்த 286 முதியவர்களை ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டார்கள். கடலுணவு அதிகம் சாப்பிட்டவர்கள் மூளையில் பாதரசம் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தது, ஆனால் அந்தப் பாதரசத்தால் அல்சைமர் திட்டோ நார்ச் சிக்கலோ கூடவில்லை. சொல்லப்போனால், இந்த நோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் ஒரு மரபணு உள்ளவர்களில், வாரம் ஒரு தடவையாவது மீன் சாப்பிட்டவர்களுக்கு அந்தச் சேதம் குறைவாகவே இருந்தது.

சாளை, நெத்திலி, சூடை, காரல், முரல் எல்லாம் பயமில்லாமல் சாப்பிடலாம். பெரிய சுறா, மயில்மீன் மாதிரி நீண்ட நாள் வாழ்ந்து மற்ற மீனைத் தின்கிறவற்றை மட்டும் கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் தவிர்ப்பது நல்லது. பிள்ளை பெற்ற வீட்டில் சுறாப் புட்டு செய்வது நம் வழக்கம், அதையும் அடிக்கடி வேண்டாம் என்பேன், பால் சுரக்க நெத்திலிக் குழம்பும் பூண்டும் போதும். இது வயிற்றுப் பிள்ளையின், கைக்குழந்தையின் மூளை வளர்ச்சிக்காகச் சொல்வது, அல்சைமருக்காக இல்லை.

நான் பாசி எடுக்கப் போகிறவள். சீனாவில் கடல்பாசியிலிருந்து மறதி நோய்க்கு மருந்து செய்துவிட்டார்களாம். நம் கடல் பாசியிலும் அது இருக்குமா? அவித்துக் குடித்தால் எங்கள் மாமியாருக்குக் கேட்குமா?
*(மண்டபம்)*

அக்கா, கேள்விப்பட்டது உண்மைதான், ஆனால் பாதி. பழுப்புப் பாசியில் இருக்கும் ஆல்ஜினேட் என்ற பசைப் பொருளைத் துண்டு துண்டாக உடைத்துச் செய்த ஒரு மருந்துக்கு, ஜிவி-971 என்று பெயர், 2019 நவம்பரில் சீன அரசு நிபந்தனையோடு அனுமதி கொடுத்தது. அமிலாய்டு திரள்வதைத் தடுக்கும், குடலில் உள்ள நுண்ணுயிர்களை மாற்றி மூளை வீக்கத்தைக் குறைக்கும் என்றெல்லாம் சொன்னார்கள். அந்த ஆதாரமே போதவில்லை என்று அப்போதே பல விஞ்ஞானிகள் எழுதினார்கள். பல நாடுகளில் நடந்துகொண்டிருந்த பெரிய சோதனையை 2022-ல் நிறுவனமே பாதியில் நிறுத்திவிட்டது.

நீங்கள் எடுக்கிற கட்டக்கோரையும் பழுப்புப் பாசிதான், ஆல்ஜினேட் அதில் உண்டு, அதற்காகத்தான் கம்பெனிக்காரர்கள் வாங்குகிறார்கள். ஆனால் அவித்துக் குடித்தால் அந்த மருந்து கிடைக்காது. அது போக, பாசி கடலில் இருக்கிற உலோகத்தை எல்லாம் உறிஞ்சி வைத்துக்கொள்ளும் குணம் உடையது, பழுப்புப் பாசியில் ஆர்செனிக் கூட இருக்கலாம், அயோடின் அதிகம், வயதானவர் தைராய்டுக்கு அது ஆகாது. மாமியாருக்குக் கொடுக்க வேண்டாம். கடலுக்குள் முங்கி, பாறையில் கை கால் கிழிய நீங்கள் எடுத்து வருவதன் மதிப்பு இதனால் ஒன்றும் குறைந்துவிடாது, அந்தப் பாசிக்கு இன்னும் நல்ல விலை கிடைக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

செம்புக் குடத்துத் தண்ணீர் குடிக்கிறோம். நிறுத்த வேண்டுமா?
*(பெரியபட்டினம்)*

வேண்டாம். குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை செம்பு இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஜெர்மனியில் 68 அல்சைமர் நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஒரு வருஷம் தினமும் 8 மில்லிகிராம் செம்பு கொடுத்தே பார்த்தார்கள், புத்திக்கு நல்லதும் நடக்கவில்லை, கெட்டதும் நடக்கவில்லை. எலுமிச்சைச் சாறு, மோர், ரசம் மட்டும் செம்பில் ஊற்றி வைக்காதீர்கள், புளிப்பு பட்டால் செம்பு மிதமிஞ்சிக் கரைந்து வாந்தி வரும்.

லித்தியம் மறதியைப் போக்கும் என்று புது ஆராய்ச்சி வந்திருக்கிறதே, அந்த மாத்திரை ஆன்லைனில் கிடைக்கிறது, அப்பாவுக்கு வாங்கலாமா?
*(ராமநாதபுரம்)*

2025 ஆகஸ்டில் ஹார்வர்டின் புரூஸ் யாங்க்னர் குழு வெளியிட்ட ஆராய்ச்சி அது. ஞாபகம் தடுமாறத் தொடங்கியவர்களின் மூளையில் இயற்கையாக இருக்கும் லித்தியம் குறைந்திருந்தது, இருப்பதையும் அமிலாய்டுத் திட்டு பிடித்து வைத்துக்கொள்கிறது என்று கண்டார்கள். மறுபடியும் அதே கதை பாருங்கள், சொந்த உலோகம் இடம் மாறிப்போவது. லித்தியம் ஓரோடேட் கொடுத்த எலிகளுக்கு ஞாபகம் திரும்பியது. எலிகளுக்கு. அப்பாவுக்கு வாங்காதீர்கள். மனநல மருத்துவத்தில் லித்தியம் கொடுக்கும்போதே ரத்தத்தில் அளவு பார்த்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள், வயதானவர்களின் சிறுநீரகத்தையும் தைராய்டையும் அது கெடுக்கலாம். மனிதர்களில் சோதனை முடியட்டும்.

திட்டைக் கரைக்கிற ஊசி வெளிநாட்டில் வந்துவிட்டதே, அது வந்தபிறகும் ஏன் யாரும் குணமாகவில்லை?
*(சாயல்குடி)*

லெகனெமாப் என்ற ஊசியைக் கேட்கிறீர்கள். 1,795 பேரிடம் 18 மாதம் சோதித்தார்கள். திட்டு நன்றாகவே குறைந்தது. நோய் முற்றும் வேகம் 27 சதவீதம் குறைந்தது என்று செய்தி வந்தது, அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது: 18 புள்ளி உள்ள அளவுகோலில் இரண்டு பிரிவுக்கும் இருந்த வித்தியாசம் 0.45 புள்ளி. நோய் நிற்கவில்லை, மெதுவாகப் போனது. ஊசி போட்டவர்களில் 100-க்கு 12, 13 பேருக்கு மூளையில் வீக்கம் ஸ்கேனில் தெரிந்தது. அந்தச் சோதனையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டிரிப், நடுநடுவே எம்ஆர்ஐ, அதுவும் ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். அமிலாய்டு இந்த நோயில் பங்காளி என்பதை இந்த மருந்து நிரூபித்திருக்கிறது, அந்த அளவில் எனக்கு இது பெரிய விஷயம். ஆனால் திட்டு தெரிகிற நேரத்துக்குள் டாவ் புரதம் அணுக்களுக்குள் வெகுதூரம் போயிருக்கும், திட்டை மட்டும் எடுத்தால் போன அணு திரும்பாது.

அப்படியானால் நம் கையில் இருப்பது என்ன? எதையாவது செய்ய வேண்டும் போல இருக்கிறது.
*(பாம்பன்)*

நிறைய இருக்கிறது, அவற்றில் சட்டியும் குடமும் இல்லை. லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம் 2024-ல், மாற்றக்கூடிய 14 காரணங்களை முழுதாகச் சரிசெய்தால் உலகில் டிமென்ஷியாவில் (அல்சைமர் உள்ளிட்ட மறதி நோய்களில்) ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று கணக்கிட்டது. நம் கரைக்கு அதில் எது பொருந்தும் என்று யோசித்துப் பார்த்தேன். முதலாவது காது. விசைப்படகில் டீசல் எஞ்சின் பக்கத்திலேயே காலத்தைக் கழித்த ஆண்களுக்கு ஐம்பதிலேயே காது மந்தமாகிவிடுகிறது, "அவருக்குக் காது கேக்காது, விடு" என்று ஒதுக்கிவிடுகிறோம். அப்படிப் பேச்சுவார்த்தை அற்றுப்போவது மூளையைப் பாதிக்கிறது. காதைச் சோதித்துக் கருவி வாங்கிக் கொடுங்கள். அடுத்து கண்புரை, அறுவை சிகிச்சை அரசு முகாமில் இலவசம். பிரஷரும் சர்க்கரையும் இருந்தால் மாத்திரையை விடாமல் சாப்பிடுவது, மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பீடி, குடி இரண்டும் அந்தப் பட்டியலில் உண்டு.

மறதி தொடங்கிவிட்டவர் என்றால் அல்சைமர் என்று முடிவுகட்டும் முன் வைட்டமின் பி12, தைராய்டு, ரத்தத்தில் சோடியம் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். கொஞ்ச நாளைக்கு முன் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டிருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள், மண்டைக்குள் மெல்ல ரத்தம் கசிந்தாலும் இதே மாதிரிதான் இருக்கும், அது சரிசெய்யக்கூடியது. இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், தூக்கத்துக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் சில மாத்திரைகளே வயதானவர்களுக்குக் குழப்பத்தை உண்டாக்கும்.

அம்மாவுக்கு ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மறதியும் இருக்கிறது. மூளையில் இரும்பு சேரும் என்று நிறுத்திவிட்டேன். சரிதானா?
*(திருப்பாலைக்குடி)*

மறுபடியும் கொடுங்கள். மூளையில் இரும்பு இடம் மாறுவது வயதோடும் நோயோடும் உள்ளே நடப்பது, ரத்தசோகைக்குச் சாப்பிடும் மாத்திரையால் வருவது என்று காட்டியவர் யாருமில்லை. ரத்தம் குறைந்தால் மூளைக்குப் போகும் பிராணவாயுவும் குறையும், தள்ளாட்டமும் குழப்பமும் கூடும். டாக்டர் சொன்ன காலம் வரை கொடுத்துவிட்டு, அப்புறம் ரத்தம் பார்த்து நிறுத்தலாம். டீயோடும் பாலோடும் மட்டும் கொடுக்காதீர்கள், இரும்பு உடம்பில் சேராது. ஒரு மணி நேரம் இடைவெளி விட்டு, முடிந்தால் எலுமிச்சைத் தண்ணீரோடு.